ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஏன்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் குமரி மாவட்டம் தூத்தூர். பந்து விளையாட்டுக்குப் பேர்போன கரை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகக் கோப்பை வந்துவிட்டால் வெள்ளைத் திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, தெருவே உட்கார்ந்து பார்ப்போம். 2022 டிசம்பர் முதல் தேதி ராத்திரி எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒரு பக்கம் ஜப்பான் – ஸ்பெயின், இன்னொரு பக்கம் ஜெர்மனி – கோஸ்டா ரிக்கா. இரண்டும் ஒரே நேரத்தில். இருப்பதோ ஒரு திரை. பெரியவர்கள் ஜெர்மனி ஆட்டத்தைப் போடச் சொன்னார்கள், பையன்கள் ஸ்பெயினை விடமாட்டோம் என்று நின்றார்கள். மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டிலும் பாதிக் கோல்களைப் பார்க்காமல் விட்டோம். மற்ற நாளெல்லாம் ஒன்று முடிந்து ஒன்று என்று நான்கு ஆட்டம் வரிசையாக வருகிறது. விறுவிறுப்பான கடைசிச் சுற்றில் மட்டும் ஏன் இப்படி மோதவிடுகிறார்கள்? சேனல்காரர்களின் வேலையா? இந்த 2026 கோப்பையோ பெரும்பாலும் நடு ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் என்கிறார்கள். விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்கள் எப்படிப் பார்ப்பது? இந்த நேரத்தையெல்லாம் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: சேனல்காரர்களின் வேலை அல்ல, சகோதரி. அவர்களிடம் விட்டிருந்தால் நீங்கள் கேட்கிறபடியே ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கியிருக்கும். இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடந்தால் பார்க்கிறவர்கள் இரண்டாகப் பிரிவார்கள், விளம்பரக் காசும் கூடவே பிரியும். கிரிக்கெட்போல ஓவருக்கு ஓவர் விளம்பரம் போடுகிற வசதியும் கால்பந்தில் கிடையாது. வழக்கமாக 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்துக்கு முன், இடைவேளை, ஆட்டம் முடிந்த பின் என்று சம்பாதிக்கிற நேரம் கொஞ்சம்தான். இரண்டு ஆட்டத்தின் இடைவேளையும் ஒரே நேரத்தில் வந்து விழுவதை எந்த ஒளிபரப்பாளரும் விரும்பமாட்டார். அப்படியும் இந்த ஏற்பாட்டைக் கால்பந்து 40 ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் ஸ்பெயினின் வடகரையில் உள்ள ஹிஹோன் என்ற ஊரில் நடந்த ஓர் ஆட்டம்.

1982 உலகக் கோப்பை. அல்ஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. ஜூன் 16 அன்று அதே ஹிஹோனில் அவர்கள் மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்தினார்கள். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதல் முறை. அடுத்து ஆஸ்திரியாவிடம் தோற்றாலும், ஜூன் 24 அன்று சிலியை 3–2 என்று வென்று தங்கள் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டார்கள். குழுவில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மேற்கு ஜெர்மனி – ஆஸ்திரியா, மறுநாள் ஜூன் 25.

இந்த ஒரு நாள் இடைவெளியில்தான் எல்லாம் கெட்டது. ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியேறும். ஜெர்மனி தோற்றாலோ டிரா ஆனாலோ ஜெர்மனி வெளியே. மூன்று கோலில் ஜெயித்தால் ஆஸ்திரியா வெளியே. மைதானத்துக்குள் வரும்போதே இரண்டு அணிக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். பத்தாவது நிமிடத்தில் ரூபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோல் அடித்தார். அதோடு ஆட்டம் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். நடுக்களத்தில் பக்கவாட்டில் தள்ளுவார்கள், பின்னால் தள்ளுவார்கள், கடைசியில் கோல்கீப்பரிடம் கொடுப்பார்கள். அப்போது சக வீரர் காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். அந்த விதி 1992-ல்தான் மாறியது. எதிரணியில் ஒருவரும் துரத்தி வரவில்லை. எண்பது நிமிடம் இப்படியே போயிற்று.

கூட்டத்தில் இருந்த அல்ஜீரியர்கள் பணத்தாள்களை எடுத்து வீரர்களைப் பார்த்து ஆட்டினார்கள். ஸ்பெயின்காரர்கள் வெள்ளைக் கைக்குட்டையை வீசினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ராபர்ட் சீகர், பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடமே சொன்னார். வர்ணனைதான் அவருடைய பிழைப்பு. அதை வைத்துக்கொண்டே பார்க்காதீர்கள் என்று சொன்ன மனிதரை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். ஊர்ப் பத்திரிகையான எல் கொமெர்சியோ ஆட்டச் செய்தியைக் குற்றச் செய்திகளுக்கு நடுவே போட்டது. அல்ஜீரியா முறையிட்டது. ஃபிஃபா நிராகரித்தது, ஏனென்றால் எந்த விதியும் மீறப்படவில்லை. முந்தைய நாளே ஆடி முடித்த அல்ஜீரிய வீரர்கள் ஆட்டக் களத்துக்கு வெளியே இருந்தபடியே தோற்றார்கள்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1978-ல் அர்ஜென்டினாவிலும் ஏறக்குறைய இதுதான். பிரேசில் பிற்பகலில் போலந்தை 3–1 என்று வென்று முடித்துவிட்டது. அன்று இரவு பெருவோடு ஆட வந்த அர்ஜென்டினாவுக்கு இறுதி ஆட்டம் போக எத்தனை கோல் வேண்டும் என்பது தெரியும். நான்கு கோல் வித்தியாசம். 6–0 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிய சந்தேகப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை, எதுவும் நிரூபணமும் ஆகவில்லை. நிரூபிக்க வேண்டிய அவசியமே வராதபடி அட்டவணை போட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஹிஹோனுக்குப் பிறகு போட்டார்கள். 1984 ஐரோப்பியக் கோப்பையிலும் 1986 உலகக் கோப்பையிலும் தொடங்கி, குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இப்போது உங்கள் தெருவில் சண்டை நடந்த அந்த ராத்திரிக்கு வருவோம். அன்றைய கணக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பெயின் 4 புள்ளி, ஜப்பானும் கோஸ்டா ரிக்காவும் 3, ஜெர்மனி 1. இடைவேளையில் ஸ்பெயினும் ஜெர்மனியும் ஆளுக்கு ஒரு கோல் முன்னால். பிறகு ஜப்பான் 48-வது நிமிடத்திலும் 51-வது நிமிடத்திலும் அடித்து 2–1 ஆக்கியது. இரண்டாவது கோலுக்கு முன் ஜப்பானின் மிதோமா பந்தைக் கோட்டுக்கு வெளியே போகவிடாமல் இழுத்தாரே, பந்தின் வளைவு மயிரிழை அளவு கோட்டின் மேல் இருந்தது என்று வீடியோ நடுவர்கள் முடிவு செய்தார்கள். மற்ற மைதானத்தில் 70-வது நிமிடத்தில் கோஸ்டா ரிக்கா 2–1 என்று முந்தியது. அந்த நேரத்தில் ஸ்பெயின், ஜெர்மனி என்ற இரண்டு முன்னாள் சாம்பியன்களும் ஒன்றாக வெளியே நின்றார்கள். மூன்றே நிமிடம். 73-வது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹாவெட்ஸ் சமன் செய்தார். ஜெர்மனி 4–2 என்று ஜெயித்தும் வெளியேறியது.

நீங்கள் கேட்டபடி ஜெர்மனி ஆட்டத்தை முதலில் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்பெயினும் ஜப்பானும் களம் இறங்கும்போது ஜெர்மனி 4 புள்ளியோடு, ஒரே ஒரு கோல் உபரியோடு முடித்திருக்கும். ஸ்பெயினுக்கு ஏற்கெனவே 7 கோல் உபரி, கோஸ்டா ரிக்காவை 7–0 என்று வென்ற புண்ணியம். ஆகவே ஜப்பான் 2–1 என்று முந்திய அந்த நிமிடத்திலேயே ஜப்பானும் பத்திரம், தோற்றுக்கொண்டிருக்கும் ஸ்பெயினும் பத்திரம். மீதி 39 நிமிடம் இரண்டு அணியும் பந்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாலும் கேட்க ஆளில்லை. ஹிஹோனின் கணக்கேதான் இது. செய்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. செய்ய வழியே இல்லாமல் வைத்திருந்தார்கள் என்கிறேன். பக்கத்து மைதானத்தில் கோஸ்டா ரிக்கா எந்த நிமிடம் என்ன செய்யும் என்று தெரியாததால்தான் ஸ்பெயின் கடைசி வரை கோலுக்காக முட்டியது. நீங்கள் தவறவிட்ட பாதிக் கோல்கள், மீதிப் பாதி நேர்மையாக நடந்ததற்கான விலை. (நீங்கள் விட்டது இன்னொன்றும் உண்டு. ஜெர்மனி ஆட்டத்தின் நடுவர் பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார். ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு பெண் தலைமை நடுவராக நின்ற முதல் ஆட்டம் அது. உங்கள் ஊரில் பந்தாடும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.)

இந்த விதியையும் ஒருமுறை கைவிடப் பார்த்தார்கள். 2017 ஜனவரியில் ஃபிஃபா 48 அணிகளுக்கு ஒப்புதல் கொடுத்தபோது, மூன்று அணி கொண்ட 16 குழுக்கள் என்றுதான் தீர்மானித்தது. மூன்று அணிக் குழுவில் கடைசி ஆட்டம் நடக்கும்போது ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்கும். அல்ஜீரியாவின் நிலைமை ஒவ்வொரு குழுவுக்கும் வரும். கத்தாரில் கடைசிச் சுற்று கொடுத்த பரபரப்பைப் பார்த்த பிறகு, 2023 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் கூடி மாற்றிக்கொண்டார்கள். நான்கு அணி கொண்ட 12 குழு, மொத்தம் 104 ஆட்டம். ஆட்டங்கள் கூடினால் விற்கச் சரக்கும் கூடும் என்ற கணக்கு அதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் முடிவு சரியானது.

முழுக்கச் சரியானது என்று சொல்லமாட்டேன். 12 குழுவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களோடு, மூன்றாம் இடக்காரர்களில் சிறந்த எட்டுப் பேரும் மேலே போகிறார்கள். குழுக்களின் கடைசி ஆட்டங்களோ ஜூன் 24 முதல் 27 வரை நான்கு நாள் பரவிக் கிடக்கின்றன. 24-ஆம் தேதி முடிக்கிற அணி குருட்டாம்போக்கில் ஆட வேண்டும். 27-ஆம் தேதி ஆடுகிற அணிக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோல் போதும் என்று தெரிந்துவிடும். 2016 ஐரோப்பியக் கோப்பையில் அல்பேனியா இப்படித்தான் ருமேனியாவை வென்றுவிட்டு, மற்றக் குழுக்கள் முடிவதற்காக மூன்று நாள் காத்திருந்து, கடைசியில் பெட்டி கட்டியது. குழுவுக்குள் அடைத்த ஓட்டையைக் குழுக்களுக்கு நடுவே திறந்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் இடத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தும்வரை இது தீராது.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஆட்ட நேரத்தை முடிவு செய்வது ஃபிஃபா. ஆனால் அதன் கையைப் பிடித்து எழுதுவது ஒளிபரப்புப் பணம். 2019 முதல் 2022 வரையான நான்கு ஆண்டில் ஃபிஃபாவின் வருமானம் சுமார் 757 கோடி டாலர். அதில் தொலைக்காட்சி உரிமை மட்டும் சுமார் 343 கோடி. அந்தப் பணத்தில் ஐரோப்பாவின் பங்கு எப்போதும் கனமானது. எனவே போட்டி எங்கே நடந்தாலும், முடிந்தவரை ஐரோப்பாவில் மாலையா, இரவா என்று பார்த்துத்தான் பந்தை உருட்டுகிறார்கள்.

1970-ல் மெக்சிகோ சிட்டியில் இறுதி ஆட்டம் உச்சி வெயிலில், பகல் 12 மணிக்கு. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும் ஊர். ஆனால் ஜெர்மனியில் அப்போது மாலை 7 மணி, இத்தாலியில் இரவு 8 மணி. வண்ணத்தில் உலகம் பார்த்த முதல் உலகக் கோப்பை அது. பெரும்பாலான வீடுகளில் இன்னும் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் என்பதால், அதில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பந்தையே கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்தார்கள். டெல்ஸ்டார் என்று அதற்குச் செயற்கைக்கோளின் பெயரை வைத்தார்கள். இன்றுவரை குழந்தைகள் பந்து வரையும்போது வரைவது அதைத்தான். 1986-ல் மறுபடி அதே மெக்சிகோ, அதே நடுப்பகல். அர்ஜென்டினாவின் மாரடோனாவும் வால்டானோவும் இந்த வெயிலில் ஆடச் சொல்வது நியாயமா என்று வாய்விட்டே கேட்டார்கள். நேரம் மாறவில்லை. அந்த நடுப்பகல் நமக்கு இரவு 11.30. தூர்தர்ஷனில் மாரடோனாவைப் பார்த்துக் கண் சிவந்த தலைமுறை உங்கள் ஊரிலும் இருக்கும், பெரியவர்களைக் கேளுங்கள்.

நம் பக்கம் காற்று அடித்த காலமும் உண்டு. 2002-ல் ஜப்பானும் கொரியாவும் நடத்தியபோது நமக்கு நண்பகல் 12, பிற்பகல் 2.30, மாலை 5 என்று ஆட்டம் வந்தது. கத்தாரில் பிற்பகல் 3.30-க்குத் தொடங்கி நள்ளிரவு 12.30 வரை நான்கு வேளை, இறுதி ஆட்டம் இரவு 8.30. கத்தாரின் கோடை வெயிலுக்குப் பயந்து போட்டியை நவம்பருக்கும் டிசம்பருக்கும் தள்ளியபோது அமெரிக்கச் சேனலுக்குச் சிக்கல் வந்தது. அந்த மாதங்களில் அங்கே அவர்களுடைய சொந்தக் கால்பந்து உச்சத்தில் இருக்கும். 2015 பிப்ரவரியில் 2026-க்கான அமெரிக்க உரிமையை ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் போட்டி ஏலம் இல்லாமலே ஃபிஃபா கொடுத்தது இந்த மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் என்று துறையில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நேரம் ஒத்துவராவிட்டால் விலை எப்படி விழும் என்பதையும் பார்த்தோம். 2023 மகளிர் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. ஐரோப்பாவில் அது காலை நேரம். அங்குள்ள பெரிய சேனல்கள் கேட்ட விலை மிகக் குறைவு. ஒளிபரப்பே கிடையாது என்று ஃபிஃபா தலைவர் எச்சரிக்கும் அளவுக்குப் போய், தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆட்டத்தின் தரத்தை யாரும் அங்கே எடை போடவில்லை, கடிகாரத்தைத்தான் எடை போட்டார்கள்.

2026 கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடு, 16 நகரம். ஜூன் 11 தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் பகல் 1 மணிக்கு. ஜூலை 19 இறுதி ஆட்டம் நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியில் பிற்பகல் 3 மணிக்கு. இரண்டு நேரமும் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரவு 9. நமக்கு இரண்டுமே நள்ளிரவு தாண்டி 12.30. நமக்குத் தூக்கம் கெடுவது ஒரு கஷ்டம் என்றால், அங்கே ஆடுகிறவர்களுக்கு வேறு கஷ்டம். டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா மைதானங்களுக்குக் கூரை உண்டு. இறுதி ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குக் கூரை கிடையாது. 2025-ல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில், சின்சினாட்டியின் பகல் வெயிலுக்குப் பயந்து டார்ட்மண்ட் அணியின் மாற்று வீரர்கள் முதல் பாதியை உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2026-ல் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது. வெயிலுக்குத் தண்ணீர் கொடுப்பது நல்லது, வெயிலில் நிறுத்தாமல் இருப்பது அதைவிட நல்லது. இரவு 8 மணிக்கு வைத்தால் ஐரோப்பா தூங்கப் போய்விடும் என்பதற்காக வீரனின் உடம்பை அடகு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். உங்களுக்கு அது காலை 5.30 ஆகியிருக்கும், எனக்கும் வசதிதான். ஆனால் வசதிக்காகச் சொல்லவில்லை.

கடைசியாக, உங்கள் திரைப் பிரச்சினை. ஜூன் 25 முதல் 28 வரை (நம் நாட்காட்டியில்) ஆட்டங்கள் ஜோடி ஜோடியாக வரும். இரண்டாவதாக ஒரு வேட்டியையாவது இழுத்துக் கட்டுங்கள். மைதானத்திலிருந்து உலகத்துக்கெல்லாம் ஒரே படம்தான் வருகிறது. போட்டியமைப்பாளரின் படக்குழு எடுப்பதை எல்லா நாட்டுச் சேனலும் வாங்கித் தன் மொழி வர்ணனையை ஏற்றுகிறது. ஆனால் அந்தப் படம் உங்கள் வீட்டுக்கு வருகிற வழி வேறு வேறு. டிஷ் வழியாக வருவது முந்தும், இணையம் வழியாக வருவது அரை நிமிடம்கூடப் பிந்தும். ஒரு திரையை டிஷ்ஷிலும் மற்றதைச் செல்போனிலும் ஓட்டினால் இரண்டு ஆட்டத்தின் நிமிடமும் ஒட்டாது, அடுத்த தெருவின் கோல் சத்தமும் முந்திக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே வழியில் எடுங்கள். கோல் செய்தி அனுப்பும் செயலிகளை அன்று அணைத்து வையுங்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் படகுக்காரர்கள் முழுக் கோப்பைக்கும் கரையில்தான் இருப்பார்கள். வள்ளம் இறக்குகிறவர்களுக்குத்தான் யோசனை வேண்டும். இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 20, திங்கள், 12.30. கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் முடிய மூன்றரை மணி ஆகிவிடும்.